இடது ஸ்பீக்கர்

எங்க வீட்டுக்காரருக்கு இடது காது கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருந்த காலத்துல, நாங்க ரெண்டு பேரும் கடை கடையா ஏறி ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கிட்டு இருந்தோம். இதை இப்போ ஒரே மூச்சுல சொல்லிட முடியுது. அப்போ அது காதுன்னு யாருக்குத் தெரியும்? "இடது ஸ்பீக்கர் கம்மியா கேக்குது"ன்னுதான் அவர் சொன்னார். நானும் அந்த ஸ்பீக்கரைத்தான் திட்டினேன்.

அவருக்குத் துறைமுகத்துல அதிகாரி வேலை. தூத்துக்குடியிலேருந்து மாத்தலாகி கொல்கத்தா வந்து, பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். ஒரே மக. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில படிக்கிறா. சின்னப் பிள்ளையிலேயே இங்க வந்ததால அவளுக்குத் தமிழை விட வங்காளிதான் சரளமா வரும், கோபம் வந்தா அதுலதான் சண்டையே போடுவா. அவ ஹாஸ்டலுக்குப் போனதும் அவ ரூம் காலியாச்சு. "இனிமே இது என் பாட்டு ரூம்"னு இவர் அறிவிச்சார். மனுஷனுக்கு வேற கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நாகஸ்வரமும் பழைய படப் பாட்டும் போதும், சோறு கூட வேண்டாம். சரி, ஆசைப்படுறார், வாங்கட்டும்னு விட்டேன்.

முதல்ல வந்தது ஒரு ரிசீவர். டிவி, சினிமா, ரேடியோ, பாட்டு எல்லாத்துக்கும் ஒரே கறுப்புப் பெட்டி. பின்னால திருப்பிப் பார்த்தா வயரு மாட்டுற ஓட்டை அவ்வளவு இருக்கும். அதோட ஒரு குட்டி மைக்கும் குடுத்திருந்தாங்க. நாம உட்காருற நாற்காலியில, நம்ம தலை இருக்கிற உயரத்துல அந்த மைக்கை வெச்சுட்டு நாம வெளியில போயிடணும். பெட்டி தானா 'ஷ்ஷ்'னு ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் விட்டுப் பார்த்து, எது தூரம், எது பக்கம், எது கூட, எது கம்மின்னு கணக்குப் போட்டுச் சரி பண்ணிக்கும். இவர் நாற்காலி மேல மகளோட தடிப் புஸ்தகங்களை அடுக்கி, உச்சியில மைக்கை நிக்க வெச்சார். கதவைச் சாத்திட்டு நாங்க ரெண்டு பேரும் கூடத்துல நின்னோம். உள்ளே யாருமில்லாத ரூம்ல அந்தச் சத்தம் மட்டும் இடதும் வலதுமா வந்துக்கிட்டு இருந்தது. எனக்கு என்னமோ பிடிக்கலை, அடுப்படிக்குப் போயிட்டேன்.

ரெண்டு பக்கமும் சமம்னு திரையில காட்டுச்சு அந்தப் பெட்டி. இவர் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏட்டி, இங்க வா"ன்னு ஒரு சத்தம்.

"இடது பக்கம் கம்மியா இல்ல?"

நான் நின்னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? தவில் சத்தமே வரலை பாரு. மெஷின் பொய் சொல்லுது."

மறுபடி மைக்கை வெச்சார், மறுபடியும் சமம். மறுபடியும் இவர் இல்லைன்னார். கடைசியில அந்தக் குட்டி மைக்கைத் தூக்கி அலமாரிக்குள்ள போட்டு, 'ரிசீவர்னா இப்படித்தான், எல்லா வேலையும் பார்க்கும், எதையும் உருப்படியா பார்க்காது'ன்னு தீர்ப்புச் சொல்லிட்டார். அவர் தலை இருக்கிற இடத்துல ஒரு மைக்கு உட்கார்ந்து எல்லாத்தையும் சரியா கேட்டிருக்கு. அதே இடத்துல இவர் உட்கார்ந்தா கேக்கலை. இதை யோசிக்க பெரிய படிப்பு வேணுமா? ஆனா யோசிக்கலையே, ரெண்டு பேருமே யோசிக்கலை.

அடுத்தது இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர். சினிமா, ரேடியோ எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டு பாட்டுக்கு மட்டும்னு செய்யுற பெட்டி. "ரிசீவர் கூட்டுக்குடும்பம். இது புருஷன் பொண்டாட்டி மட்டும்"னு எனக்கு விளக்கம் சொன்னார். அப்போ நல்லா சிரிச்சேன். அதை வாங்கின ஷோரூமோட முதலாளி ஒரு வங்காளிக்காரர், மெல்லிய குரல், மரியாதையான மனுஷன். என்னை பௌதின்னும் இவரை தாதான்னும் கூப்பிடுவார். அண்ணி, அண்ணன்னு அர்த்தம். நல்ல ஆம்ப்ளிஃபையர்ல பேலன்ஸ் குமிழே வைக்க மாட்டாங்க, அது பாட்டைக் கெடுக்கும்னு அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் பிடிவாதமா நின்னார். இடது பக்கமும் வலது பக்கமும் கூட்டிக் குறைக்கிற அந்தக் குமிழ் இருந்தாத்தான் வாங்குவேன்னு, இருக்கிற ஒண்ணே ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்தார்.

அந்தக் குமிழ் இருக்கே, வந்த புதுசுல நடுவுலேருந்து ஒரு நூல் இடது பக்கம் தள்ளியிருந்தது. மழைக்காலம் வந்தப்போ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. துர்கா பூஜைக்குத் தெருவுல பந்தல் கட்டி ஒலிபெருக்கி வெச்சப்போ, இவர் குமிழு பாதி தூரம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வெச்சிருப்பார். இடது பக்கம் ஜன்னல் இருக்கு, சத்தம் வெளியில போயிடுது. அந்தச் சுவரு ஓதம் ஏறிக் கிடக்கு, சத்தத்தைக் குடிச்சிடுது. சரின்னு ரூமையே தலைகீழா திருப்பிப் போட்டோம். நாற்காலி எதிர்ப் பக்கம், ஸ்பீக்கர் இந்தப் பக்கம். ஜன்னலும் ஓதமும் இப்போ வலது பக்கம் வந்தாச்சு. ஆனாலும் கம்மியா கேட்டது இடதுதான்.

ஒரு நாள் தூசி தட்டுறப்போ குமிழு கோணலா இருக்கேன்னு நடுவுல திருப்பி வெச்சேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பாட்டைப் போட்டவர், "யாரு இதுல கை வெச்சது?"ன்னு கத்தினார் பாருங்க, ரெண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். "இடது பக்கம் செத்துப் போச்சு! சுத்தமா செத்துப் போச்சு!" கல்யாணமான நாளிலேருந்து என்கிட்ட அப்படிக் கத்தினதே கிடையாது அந்த மனுஷன். எனக்குக் கோபம் பொங்கிட்டு வந்தது. "உங்க ஸ்பீக்கரை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, இனிமே நான் அந்த ரூமைக் கூட்டக்கூட மாட்டேன்"னு சொல்லிட்டு வந்தேன். அவர் குமிழை மறுபடி இடது பக்கம் திருப்பிக்கிட்டு இருந்தார். அவர் முகத்துல கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஸ்பீக்கர் போயிடுமோன்னு பயப்படுறார்னு நினைச்சேன்.

வேற விஷயங்களும் நடந்துக்கிட்டுதான் இருந்தது. எப்பவும் இடது காதுல போன் பேசுறவர் வலது காதுக்கு மாத்திக்கிட்டார். ரோட்டுல நடக்கிறப்போ என்னை வலது பக்கம் வரச் சொல்வார். டாலிகஞ்ச் மெட்ரோ பக்கம் ரோட்டைக் கடக்கிறப்போ, இடது பக்கத்துலேருந்து ஒரு ஆட்டோ ஹார்னை விடாம அடிச்சுக்கிட்டு வருது, இவர் பாட்டுக்கு நடக்கார். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், துணி கிழிஞ்சே போச்சு. "உங்களுக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? எந்த உலகத்துல இருக்கீங்க?"ன்னு நடுரோட்டுல வெச்சுத் திட்டினேன். "பாட்டு யோசனையில இருந்துட்டேன்"னார். படியில இறங்குறப்போ கைப்பிடியைப் பிடிச்சுக்க ஆரம்பிச்சார். வயசாகுதுல்லன்னு கேலி பண்ணேன்.

குமிழு இடது பக்கம் முழுசாப் போய் நின்னதும், இனிமே திருப்ப இடம் இல்லைன்னு ஆனதும்தான் செபரேட்ஸ் பேச்சு வந்தது. ஒரே பெட்டியில இருக்கிறதை மூணா பிரிக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி, இடது ஸ்பீக்கருக்குத் தனியா ஒரு பவர் பெட்டி, வலதுக்குத் தனியா ஒண்ணு. "ஓஹோ, ஆளுக்கு ஒரு தனிக்குடித்தனமா?"ன்னேன். "ஆமா. இடதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடுக்கலாம், வலது குறுக்க வராது"ன்னு சொன்னப்போ அவர் கண்ணுல ஒரு வெறி இருந்தது. எனக்கு அது பிடிக்கலை. காசைப் பத்தி இல்லை. இந்த ஆசை எங்கேயோ கொண்டுபோய் விடப்போகுதுன்னு மட்டும் தோணிக்கிட்டே இருந்தது.

அதே ஷோரூமுக்குப் போனோம். முதலாளி செபரேட்ஸை மாட்டிப் பாட்டைப் போட்டார். எனக்கு ஒரு மண் குவளையில டீ குடுத்து சோஃபாவுல உட்கார வெச்சிட்டாங்க. இவர் நடு நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். கேட்டுட்டு, "இடது பக்கம் இங்கேயும் கம்மியா இருக்கே"ன்னார்.

முதலாளி பின்னால போய் வயரைக் கழட்டி இடதை வலதுலயும் வலதை இடதுலயும் மாத்தி மாட்டினார். அந்தத் தொழில்ல கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்கிற முதல் வழி அதுதானாம். பெட்டியில கோளாறுன்னா, மாத்தி மாட்டினதும் அது எதிர்ப் பக்கம் போயிடணும்.

"இப்போ தாதா?"

"இடதுதான்."

ஸ்பீக்கர் ரெண்டையுமே தூக்கி இடம் மாத்தி வெச்சார்.

"இப்போ?"

"இப்பவும் இடதுதான். உங்க ரூமே சரியில்லை."

அந்த மனுஷன் முகம் மாறிப் போச்சு. இவர் மறுபடி கண்ணை மூடிக்கிட்டு பாட்டுல இருந்தார். முதலாளி நேரா என்கிட்ட வந்து, குனிஞ்சு, சின்னக் குரல்ல, "பௌதி, தாதார் கான்-டா ஏக்பார் தேகியே நின்"னார். அங்க பாட்டு சத்தமா ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குக் கடைத்தெரு வங்காளிதான் தெரியும், காய் வாங்க, ரிக்‌ஷா கூப்பிட. வங்காளியில பாட்டுக்கு கான். அது எனக்குத் தெரியும், இந்த ஊர்ல பாட்டு இல்லாம எது நடக்கும்? அதனால, தாதாவோட பாட்டை ஒரு தடவை காட்டிப் பாருங்கன்னு சொல்றார்னு எடுத்துக்கிட்டேன். நம்ம ஆள் கேக்கிற நாகஸ்வரத்தையா குறை சொல்றான் இவன்னு எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. "எங்க கான் எல்லாம் ரொம்ப நல்ல கான்தான், அதுல ஒரு குறையும் கிடையாது"ன்னு எனக்குத் தெரிஞ்ச வங்காளியில வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "அச்சா, அச்சா, மன்னிச்சுக்கோங்க"ன்னு கையைக் கூப்பி விலகிட்டார். நான் பெரிசா ஜெயிச்ச மாதிரி டீயைக் குடிச்சேன்.

வீட்டுக்கு வர்ற வழியில இவர்கிட்ட சொன்னேன். "பாட்டைச் சரி பாருங்கன்னு சொல்றார் அந்த ஆளு."

இவர் யோசிச்சார். "அவர் சொல்றதும் நியாயந்தான். நான் எல்லாம் போன்லேருந்துதானே போடுதேன். பாட்டோட பதிவே மட்டமா இருக்கும்."

அவ்வளவுதான். செபரேட்ஸும் வந்தது, அதோட சிடி பிளேயரும் வந்தது. அந்தக் குளிர்காலம் பூரா நல்ல பதிவு தேடுறதுலயே போச்சு. இடது பெட்டியோட சத்தம் ஏறிக்கிட்டே இருந்தது. எனக்கு அந்த ரூமுக்குள்ள நிக்கவே முடியாது. இடது ஸ்பீக்கரு மேல வெச்ச டம்ளர் நடுங்கும், வலது பக்கம் சத்தமே இல்லாத மாதிரி இருக்கும். இவர் நடுவுல உட்கார்ந்து, "இப்பத்தான் சரியா இருக்கு"ம்பார். கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து சொல்லிட்டுப் போனாங்க.

சரஸ்வதி பூஜை லீவுக்கு மக வந்தா. மத்தியானம் சாப்பிடுறப்போ அப்பாவோட கூத்தையெல்லாம் கதையா சொன்னேன். ஷோரூம்காரரை மாதிரியே குரலைத் தாழ்த்தி, "பௌதி, தாதார் கான்-டா ஏக்பார் தேகியே நின்"னு நடிச்சுக் காட்டினேன். நம்ம பாட்டைக் குறை சொல்ல இவன் யாருன்னு சிரிச்சேன். அவ சிரிக்கலை. கையில சோத்தைப் பிசைஞ்சபடி அப்படியே இருந்தா.

"அம்மா, பாட்டைப் போய் யாராவது 'தேகியே நின்'னு சொல்லுவாங்களா? பாட்டைக் கேக்கத்தானே சொல்லுவாங்க. அது டாக்டர்கிட்ட காட்டுறதுக்குச் சொல்றதும்மா. அவர் சொன்னது கானா, கானா?"

"என்னடி ரெண்டும் ஒண்ணாத்தானே சொல்ற?"

"ஒண்ணு இல்லம்மா! கேஸ் சிலிண்டருக்கு ஒரு கே, கோர்ட்டு கேஸுக்கு ஒரு கே. நம்ம எழுத்துல ஒண்ணு, வாயில ரெண்டு. கேஸ் சிலிண்டர் மாதிரி சொன்னா பாட்டு. கோர்ட்டு கேஸ் மாதிரி அழுத்திச் சொன்னா கான்னா காது. காதும்மா! அப்பாவோட காதை ஒரு தடவை காட்டுங்கன்னு சொல்லியிருக்கார்."

அவ எழுந்து கையைக் கூடக் கழுவாம பாட்டு ரூமுக்குப் போனா. நான் பின்னாலேயே போனேன். அவர் நாற்காலியில இருந்தார். மக பெட்டி ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வெச்சா. "ஐயோ, இடது போச்சே"ன்னார். "அப்பா, எழுந்திரு. நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காரு"ன்னா. செல்ல மக சொன்னா எதையும் செய்வார், உட்கார்ந்தார். இப்போ அந்த இடது ஸ்பீக்கர் அவரோட வலது காதுப் பக்கம். இத்தனை நாளா நல்லா கேட்ட வலது ஸ்பீக்கர் இடது காதுப் பக்கம்.

"எது கம்மியா கேக்குதுப்பா?"

அவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார். அப்புறம் சந்தோஷமா கையைத் தட்டினார். "பார்த்தியா! நான் சொன்னேன்ல? இப்போ அந்த ஸ்பீக்கரும் போச்சு. ரெண்டையுமே மாத்தணும்."

மக என் தோளைப் பிடிச்சுக்கிட்டு சத்தம் வராம அழுதா. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் நல்லதுன்னு பேசிக்கிட்டே இருந்தார்.

மறுநாளே காது டாக்டர்கிட்ட போனோம். எங்க வயசுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "பேலன்ஸ் எப்படி இருக்கு சார்?"னாங்க. தள்ளாடுதா, தலை சுத்துதான்னு அர்த்தத்துல கேட்டாங்க. இவர், "முழுக்க இடது பக்கம் திருப்பி வெச்சிருந்தேன் மேடம், அதுக்கு மேல போகலை"ன்னார். அந்த அம்மா பேனாவை மேஜை மேல வெச்சுட்டாங்க.

அவரை டெஸ்ட் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனதும், என்னை நிறுத்தி வெச்சுச் சொன்னாங்க. ஒரு காது மட்டும் இப்படி மெல்ல மெல்லப் போனா, காது நரம்புல ஒரு கட்டி வளருதான்னு பார்க்கணும். விட்டா மூளைப் பக்கம் நகரும். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். ஆனா இந்த டெஸ்டுல இடது காது கொஞ்சமாவது கேட்டுச்சுன்னா, அதைக் காப்பாத்த முயற்சி பண்ணலாம். "கொஞ்சம் கேட்டாக் கூடப் போதும்"னு ரெண்டு தடவை சொன்னாங்க.

கண்ணாடி வெச்ச சின்ன அறை. உள்ளே அவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, கையில ஒரு பட்டனோட உட்கார்ந்திருந்தார். வெளியில மெஷின் முன்னால ஒரு பொண்ணு, அவ பின்னால நான். சத்தம் கேட்டா அவர் பட்டனை அழுத்தணும், இங்க ஒரு விளக்கு எரியும். முதல்ல வலது காது. அவ மெஷின்ல விரலை வெச்சதுமே விளக்கு எரிஞ்சது. மெல்லிசா விட்டாலும் எரிஞ்சது. இன்னும் மெல்லிசா விட்டாலும் எரிஞ்சது. "நல்ல காது"ன்னா அந்தப் பொண்ணு. எனக்குப் பெருமையா கூட இருந்தது.

வலது காதை ஒரு இரைச்சல் போட்டு அடைச்சுட்டு, இடதுக்கு மாத்தினா. விரலை வெச்சா. விளக்கு எரியலை. குமிழைத் திருப்பினா. எரியலை. இன்னும் திருப்பினா. எரிஞ்சிருடா, எரிஞ்சிருடான்னு நான் வாய்விட்டே சொல்லிட்டேன் போல, அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்தா. வேற சுருதி மாத்தினா, மறுபடி கீழேருந்து மேல வரைக்கும் ஏத்தினா. கடைசியில கையை எடுத்துட்டு, "இதுக்கு மேல மெஷின்ல கிடையாது ஆன்ட்டி"ன்னா.

உள்ளே அவர் கட்டை விரலைப் பட்டன் மேல தயாரா வெச்சபடி, முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கவனமா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியா என்னைப் பார்த்ததும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கையை விரிச்சு, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?"ன்னு கேட்டார்.